உள்பக்கத்துப் பூட்டு

காப்பீட்டுக் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவர் அந்த அம்மாள். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரை 'இன்ஷூரன்ஸ் மேடம்' என்றே கூப்பிட்டது. அவருடைய சின்னத் துப்பறியும் அலுவலகத்துக்குக் கீழே போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவனுக்கு 'ஃப்ளாஷ்' என்று பெயர். ஸ்டூடியோவில் ஈ ஓட்டுவதுதான் பெரும்பாலும் அவன் தொழில். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தவருக்கு முன்னால் மேலே போய் நிற்பான்.

அன்று காலை ஏறி வந்தவள் ஒரு தையல்காரி. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் கண் செருகியது. தலையை உதறிக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்குத் தூக்கத்துல நடக்கிற வியாதி, மேடம். ராத்திரி யாரோ கதவைத் திறந்து அவரை வெளிய அனுப்புறாங்க. நேத்து ஹைவேல நடு ரோட்டுல நின்னிருக்கார். லாரிக்காரர் பிரேக் போட்டதாலதான் இன்னிக்கு அவர் எனக்கு இருக்கார்."

கணவர் பல வருடம் ரொட்டி வண்டி ஓட்டியவர். ஒரு விபத்தில் வலது கை நசுங்கி விரல்கள் மடங்காமல் போயின, வேலையும் போயிற்று. நடை அதற்குப் பிறகுதான் வந்தது. டாக்டரின் மருந்து கேட்கவில்லை. உலுக்கி எழுப்பாதீர்கள், மெல்லத் திருப்பிக் கூட்டி வந்து படுக்க வையுங்கள், கதவைப் பூட்டுங்கள், கூரான சாமான்களை எடுத்து வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். தையல்காரி ஒன்றையும் விடவில்லை. கத்தரிக்கோல்களைப் பெட்டியில் வைத்தாள். வாசல் கதவின் உள்பக்கம் பூட்டு போட்டு மணியும் கட்டினாள். சாவியைத் தினம் ஒரு புது இடத்தில் ஒளித்தாள், எங்கே என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்படியும் விடிஞ்சா கதவு திறந்து கிடக்கு. மணி அலமாரியில இருக்கு. பூட்டும் சாவியும் ஆணியில தொங்குது."

"யார் மேல சந்தேகம்?" என்று கேட்டார் மேடம்.

"கொழுந்தன் மேல. மாடி ரூம்ல இருந்தான், படி வெளிப்பக்கம். வீட்டை வித்துடலாம்னு ஒரு தடவை சொன்னான். நான் திடுக்குனு முழிச்சு ஓடிப் பார்க்கிறப்பல்லாம் கேட்டுக்கிட்ட இவர் கையைப் பிடிச்சுட்டு நிக்கிறது அவன்தான். முந்தாநாள் வாய்க்கு வந்தபடி பேசி வெளிய அனுப்பிட்டேன்."

வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தது. "வேலியே பயிரை மேஞ்சிருக்கு, மேடம்," என்றான் ஃப்ளாஷ்.

"வேலியை முந்தாநாளே பிடுங்கியாச்சு. பயிர் நேத்துதானே ரோட்டுக்குப் போச்சு."

"கள்ளச்சாவி வச்சிருப்பான்."

மேடம் குடையை எடுத்தார்.

தையல்காரியின் வீட்டில் ஒரு கூடமும் ஓர் அறையும் சமையல்கட்டும் இருந்தன. ஜன்னல்களுக்குக் கம்பி. பின்கதவை இரும்பு அலமாரி மறைத்திருந்தது, அதை நகர்த்த நாலு ஆள் வேண்டும். மேடம் சாவியை ஃப்ளாஷிடம் கொடுத்தார்.

"நீதான் கொழுந்தன். இது கள்ளச்சாவி. வெளிய போய், பூட்டைத் திறந்துகிட்டு உள்ள வா."

ஃப்ளாஷ் உற்சாகமாக வெளியே போனான். உள்ளே பூட்டு விழும் சத்தம் கேட்டது. சாவியை நீட்டினான். நீட்டிய பிறகுதான், நுழைக்க இந்தப் பக்கம் ஓட்டையே இல்லை என்பது தெரிந்தது. சாவியும் கையுமாகக் கொஞ்ச நேரம் நின்றான். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள், இங்கே நுழைக்க அண்டாவே இல்லை. கடைசியில் சாவியை ஜன்னல் வழியாகக் கொடுத்து உள்ளே வந்து சேர்ந்தான்.

"அப்போ தூக்கத்துல அவரே சாவியைத் தேடி எடுத்திருக்கார்," என்றான், விடாமல்.

கணவர் பாயில் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரமான ஆள். குற்றம் செய்தவர் போலத் தலையைத் தொங்கப்போட்டிருந்தார்.

"நேத்து இவர்கிட்ட என்ன இருந்தது?" என்று மேடம் தையல்காரியைக் கேட்டார்.

"சட்டை போட்டிருந்தார். தோள்ல பழைய பை, பைல ஃபிளாஸ்க். உள்ள வெறும் பச்சைத் தண்ணி. மூடி அவ்வளவு இறுக்கம், நானே கஷ்டப்பட்டுதான் திறந்தேன்."

"சட்டைக்குப் பட்டன்?"

"எல்லாம் ஒழுங்கா போட்டிருந்துச்சு."

மேடம் ஃபிளாஸ்க்கை வாங்கிக் கணவரிடம் கொடுத்து மூடச் சொன்னார். அவர் அதை மார்போடு அணைத்து இடது கையால் மூடியைத் திருகினார். ஃபிளாஸ்க் வழுக்கித் தரையில் உருண்டது. காலையில் பட்டன் போட்டுவிடுவதும் அவள்தான் என்று அவரே சொன்னார். ஃப்ளாஷ் தன் இரண்டாவது முடிவையும் சத்தமில்லாமல் விழுங்கினான்.

"கதவைப் பூட்டி மணியைக் கட்டுங்க. ராத்திரி மாதிரியே சாவியை ஒளிச்சு வச்சுட்டு உங்க நாற்காலியில உட்காருங்க," என்றார் மேடம். மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது தையல்காரியின் தலை தோளில் சாய்ந்திருந்தது. பகலெல்லாம் தையல், இரவெல்லாம் காவல். உடம்பு என்ன இரும்பா?

மேடம் குரலைத் தாழ்த்திக் கணவரிடம் கேட்டார். "வேலைக்குப் போன காலத்துல எப்படிக் கிளம்புவீங்க?"

"விடியறதுக்கு ரொம்ப முன்னாடி பேக்கரி ஆள் வண்டியை வாசல்ல கொண்டு வந்து விடுவார். இவ தூக்கம் கலையக் கூடாதுன்னு லைட் போட மாட்டேன். வண்டி வந்தாச்சுன்னு மட்டும் சொல்வேன். பாதித் தூக்கத்துலயே எழுந்து எல்லாம் பண்ணி அனுப்பிட்டு மறுபடி படுத்துடுவா. விடிஞ்சு கேட்டா எதுவும் ஞாபகம் இருக்காது. அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் பண்ணுவேன்."

"இப்போ சொல்லுங்க."

அவர் மேடத்தை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சொல்ல மனமில்லாமல்தான் சொன்னார்.

"வண்டி வந்தாச்சு."

தையல்காரி எழுந்தாள். கண் பாதிதான் திறந்திருந்தது. தையல் மெஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து சாவியை எடுத்தாள். மணியை நாக்கோடு சேர்த்துப் பிடித்துக் கழற்றி அலமாரியில் வைத்தாள். பூட்டைத் திறந்து ஆணியில் மாட்டினாள். ஃபிளாஸ்க்கில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மூடியை இறுக்கி, பையில் போட்டு அவர் தோளில் மாட்டினாள். கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டாள்.

"பார்த்துப் போங்க," என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பிக் கண்ணை மூடினாள்.

எத்தனையோ கேஸில் குற்றவாளியைப் பிடித்ததும் கைதட்டியவன் ஃப்ளாஷ். அன்று கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"சொல்ல வேண்டாம், மேடம்," என்று கெஞ்சினான்.

அதற்குள் காற்றில் கதவு அடித்தது. தையல்காரி திடுக்கிட்டு விழித்தாள். திறந்த கதவையும் ஆணியில் தொங்கிய பூட்டையும் பார்த்தாள்.

"பாருங்க, பட்டப்பகல்லயே வந்துட்டுப் போயிட்டான்," என்றாள்.

"இல்லம்மா. நீதான்," என்றார் கணவர்.

மேடம் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். பூட்டு உள்பக்கம், அதனால் வெளியாள் இல்லை. மூடி இறுக்கம், அதனால் கணவர் இல்லை. சாவியின் இடம் தெரிந்தவர் ஒருத்தர்தான். கணவர் தூக்கத்தில் 'வண்டி வந்தாச்சு' என்கிறார், அவளும் பழைய பழக்கத்தில் தூக்கத்திலேயே எழுந்து அனுப்பி வைக்கிறாள். "உங்க கொழுந்தன் கையைப் பிடிச்சுட்டு நின்னது இவரை அனுப்ப இல்ல, திருப்பிக் கூட்டிட்டு வர. அவர் மாடியில இருந்த வரைக்கும் இவர் கேட்டைத் தாண்டல. அவர் போன மறுராத்திரியே ஹைவே."

தையல்காரி அழவில்லை. போனை எடுத்துக் கொழுந்தனைக் கூப்பிட்டாள். "தம்பி, நான் தப்பா பேசிட்டேன்," என்று தொடங்கினாள். அமைதியான கூடத்தில் அவன் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணன் நல்லா இருக்கட்டும், அண்ணி. கொலைகாரன்னு சொன்ன வாசலை நான் இனி மிதிக்கிறதா இல்ல." போன் அணைந்தது. மறுபடி அடித்தபோது எடுக்கவில்லை.

"இன்னிக்கு ராத்திரி நான் வாசல்ல உட்காருறேன்," என்றான் ஃப்ளாஷ்.

"நாளைக்கு?" என்று கேட்டார் மேடம். கோபமாகக் கேட்கவில்லை.

"வெளியில பூட்டச் சொல்லி யார்கிட்டயாவது சாவியைக் கொடுத்துட்டா?" என்றாள் தையல்காரி.

"உள்ள தீப்பிடிச்சா ரெண்டு பேரும் தூக்கத்துலயே போயிடுவீங்கம்மா. அப்படிச் செத்தவங்க ஃபைலை நான் பார்த்திருக்கேன்."

"அப்போ என்னதான் பண்றது?"

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் மேடம், குடையைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். ஃப்ளாஷ் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

கணவர்தான் பேசினார். "ராத்திரி என் காலை ஜன்னல் கம்பியோட கட்டிப் போட்டுடு. வலிச்சாப் பரவாயில்ல. நீ நிம்மதியா தூங்கு."

தையல்காரி அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். அவருடைய மடங்காத விரல்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"கட்டிட்டா மட்டும்? நீங்க கூப்பிட்டா நான்தானே எழுந்து வந்து அவிழ்ப்பேன்."