இரவல் பலகைகள்

இந்தக் காலத்து மனிதர்களுக்கு மனதில் எது தோன்றினாலும் அதை எழுதி வீட்டு வாசலில் நட்டுவிட வேண்டும். முன்பெல்லாம் ஒரு வீட்டுப் புல்வெளியில் பலகை நின்றால், வீடு விற்பனைக்கு என்று அர்த்தம். அவ்வளவுதான். இப்போது தேர்தலுக்கு ஒரு பலகை, காணாமல் போன பூனைக்கு ஒரு பலகை, மகன் பள்ளி முடித்தால் அதற்கும் ஒரு பலகை. போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் கால்களுக்காகப் பலகை நட்டார்கள்.

நானும் பலகை தூக்குகிறவன்தான். விஸ்கான்சினில், எங்கள் தெருமுனையில், பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பது என் வேலை. லாரி ஓட்டி ஓய்ந்த பிறகு கிடைத்தது. கையில் ஒரு சிவப்புப் பலகை. அதில் ஒரே ஒரு சொல்: நில். தூக்கினால் கார்கள் நிற்கும். இறக்கினால் போகும். அதைப் பார்த்து யாரும் சண்டை போட்டதில்லை.

அந்தக் கால்கள் டாரா கொவாலிக்கின் கால்கள். முனைக்குப் பக்கத்து வீட்டுப் பெண். சின்ன வயதில் என் முனையில்தான் சாலை கடப்பாள், அதுவும் பந்தை உதைத்துக்கொண்டே. எத்தனை தடவை திட்டியிருப்பேன். இப்போது வளர்ந்து, எங்கள் ஊர்ப் பெண்கள் கால்பந்து அணியில் ஆடுகிறாள். ஊரின் மறு கோடியில் தனியாக வீடு எடுத்திருக்கிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மா வீட்டுக்குச் சாப்பிட வருவாள். சாப்பிட்டதும் தங்கை ஹெட்டியோடு தெருவில் பந்து ஆடுவாள்.

ஸ்பெயினில் ஒரு பெரிய கிளப் அவளைக் கேட்கிறதாம். எல்லோருக்கும் தெரிந்தது அந்த "கேட்கிறதாம்" மட்டும்தான். செய்தியில் ஒரு நாள் போகிறாள் என்பார்கள். மறுநாள் போகவில்லை என்பார்கள். நான் இரண்டையும் நம்பவில்லை.

முதல் பலகையை நட்டவள் மிசஸ் லிண்ட். "போகாதே டாரா" என்று சிவப்பில் எழுதி, கம்பிக்கால் வைத்து, புல்லில் குத்திவிட்டாள். எதிர்வீட்டுக் கார்வர் சும்மா இருப்பானா? மறுநாளே "போய் வா டாரா" என்று நீலத்தில் ஒன்று நட்டான். பிறகு தெரு முழுவதும் முளைத்துவிட்டது. இந்த வீடு சிவப்பு என்றால் பக்கத்து வீடு நீலம். வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாரைக் கேட்டாலும், "எல்லாம் அந்தப் பொண்ணு மேல இருக்கற பிரியம்தான்" என்றார்கள்.

அந்தப் பொண்ணு வருவதை நிறுத்திவிட்டாள்.

பள்ளி திறந்த வாரம். திங்கள்கிழமை காலையில் ஹெட்டி முனையில் வந்து நின்றாள். பத்து வயதுப் பெண். முன்பல் ஒன்று லேசாக உடைந்திருக்கும். அதுவும் பந்தால் உடைந்ததுதான்.

"நேத்தும் அக்கா வரல, மிஸ்டர் டூடா."

"வேலை இருந்திருக்கும்."

"இல்ல. வந்தா. நம்ம தெருவுல திரும்பினா. பலகையெல்லாம் பார்த்துட்டு அப்படியே பின்னாலயே போயிட்டா. நான் பந்தோட நின்னுட்டு இருந்தேன். நீங்களும்தான் பார்த்தீங்க."

பார்த்தேன். நீலக் கார் தயங்கித் தயங்கிப் பின்வாங்கியதை நான் பார்த்தேன். பொய் சொல்ல வழியில்லை. பலகையைத் தூக்கி ஒரு பால் வண்டியை நிறுத்தினேன்.

"ராத்திரி போன் பண்ணினேன்," என்றாள் ஹெட்டி, சாலையைக் கடக்காமலே. "'சாப்பிட வரலாம்னு கிளம்பறேன், ஆனா பரீட்சைக்கு வர்ற மாதிரி இருக்கு'ன்னு சொன்னா. 'ஒவ்வொரு வீடும் பதில் கேக்குது'ன்னு சொன்னா."

"அப்ப போகட்டும் ஸ்பெயினுக்கு. அங்க யாரும் பலகை நட மாட்டாங்க."

"போனா போகட்டும். ஆனா போறதுக்கு முன்னாடி இருக்கற ஞாயிறெல்லாம் எனக்கு வேணும்."

பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் கடந்து போனாள்.

மாலையில் ஹெட்டி பள்ளியிலிருந்து திரும்பி வந்தபோது நான் ஒரு யோசனை சொன்னேன். "விடியறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பிடுங்கிக் குப்பையில போட்டுடு. நான் யாரையும் பார்க்கலன்னு சொல்லிடறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அது திருட்டு, மிஸ்டர் டூடா."

"அப்ப போய்க் கேட்டுப் பாரு. ஒருத்தராவது எடுத்தா என் தொப்பியைத் தின்னுடறேன், பந்தயம்."

அவள் கேட்டே பார்த்தாள். மிசஸ் லிண்டின் கதவைத் தட்டினாள். என் முனையிலிருந்தே எல்லாம் கேட்டது.

"என் செல்லமே, நான் இத உங்க அக்காவுக்காகத்தானே வச்சிருக்கேன்," என்றாள் மிசஸ் லிண்ட். "முதல்ல அந்த ஆளை எடுக்கச் சொல்லு."

ஹெட்டி தெருவைக் கடந்து கார்வரிடம் போனாள். அவன் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தம்மா எடுத்த அடுத்த நிமிஷம் நான் எடுத்துடறேன்," என்றான், குழாயை மூடாமலே.

நடுத்தெருவில் நின்று இரண்டு வீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள் ஹெட்டி. பிறகு என்னிடம் வந்தாள்.

"தொப்பி பத்திரம்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கார்வர் வீட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகை இடுப்பு உயரம் இருக்கும். கம்பிக்கால்கள் இரண்டு.

"மிஸ்டர் டூடா, அது கோல் கம்பம் உயரம் இருக்குல்ல?"

"எந்த கோல் கம்பம்?"

அவள் மறுபடியும் மிசஸ் லிண்ட் வீட்டுக்கு ஓடினாள்.

"மிசஸ் லிண்ட், உங்க பலகைய எடுக்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் எனக்கு இரவல் குடுங்க. பந்து விளையாட கோல் கம்பம் வேணும். விளையாடிட்டுத் திருப்பிக் குடுத்துடுவேன்."

ஒரு பொருளை எடு என்றால் மனிதர்கள் எதிர்த்து நிற்பார்கள். ஒரு சின்னப் பெண் இரவல் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூச்சப்படுவார்கள்.

"அந்த ஆளோட பலகை அங்கேயே நிக்குமா?"

"அது எதிர்ப்பக்கத்து கோலுக்கு."

"அப்ப சரி. என்னோடது அழுக்காகாம பார்த்துக்கோ."

ஹெட்டி அந்த வாரம் முழுவதும் வீடு வீடாகப் போனாள். ஒரு கோலுக்கு இத்தனை பலகை எதற்கு என்று ஒருவர் கேட்டார். மீதியெல்லாம் எல்லைக்கோடு என்றாள். வெள்ளிக்கிழமை என் முனைக்கு வந்தாள்.

"அக்காவ பந்து ஆட வரச் சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்க சிவப்புப் பலகையோட இங்க வந்து நிக்கணும். தெருவுக்குள்ள கார் வரக் கூடாது."

"ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை கிடையாது."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை நான் போய் நின்றேன். வீட்டில் வேறு எதுவும் செய்வதற்கு இல்லை, அதனால் போனேன்.

பிள்ளைகள் பலகைகளைப் பிடுங்கித் தெருக் கடைசியில், முனையிலிருந்தே தெரியும் காலி மனைக்குச் சுமந்து போனார்கள். சிவப்பில் இரண்டு ஒரு கோல், நீலத்தில் இரண்டு எதிர் கோல், மீதியெல்லாம் எல்லைக்கோடு. பெரியவர்கள் மடக்கு நாற்காலிகளோடு வந்து உட்கார்ந்தார்கள். விளையாட்டைப் பார்க்க இல்லை, அவரவர் பலகையைக் காவல் காக்க. ஹெட்டி ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினாள்.

"ஒரே ஒரு விதிதான். யார் வாயில ஸ்பெயின்னு வருதோ, அவங்க கோல்கீப்பர். பெரியவங்களா இருந்தாலும்."

"இது என்ன விதி?" என்றான் கார்வர்.

"எங்க மைதானம், எங்க விதி."

நான் முனையில் நின்றேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஹெட்டி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டத்தை இன்னும் தொடங்கவில்லை. வர மாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். மனிதர்களைப் பற்றி நான் நினைப்பது பெரும்பாலும் அப்படித்தான்.

நீலக் கார் வந்தது. முனையில் தயங்கியது. நான் பலகையைத் தூக்கினேன். டாரா கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன மிஸ்டர் டூடா, நீங்களும் கேக்கப் போறீங்களா?"

"நான் எதுக்குக் கேக்கறேன்? தெருவப் பாரு."

பார்த்தாள். புல்வெளிகள் வெறுமையாக இருந்தன. பலகை நின்ற இடங்களில் சின்னச் சின்ன ஓட்டைகள் மட்டும். நான் பலகையை இறக்கினேன். கார் தெருவுக்குள் திரும்பியது.

ஹெட்டி ஓடி வரவில்லை, கத்தவும் இல்லை. "லேட்டு," என்று சொல்லிப் பந்தை அக்காவின் காலுக்கு உருட்டிவிட்டாள்.

ஆட்டம் நன்றாகத்தான் போயிற்று. டாரா அடித்த ஒரு பந்து, காற்றில் வளைந்து, பலகைகளுக்கு நடுவே புகுந்தது. மிசஸ் லிண்ட் எழுந்துவிட்டாள்.

"அடேயப்பா, ஸ்பெயின்ல கூட இப்படி..."

கையால் வாயைப் பொத்தினாள். அதற்குள் வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹெட்டி கோலைக் காட்டினாள். மிசஸ் லிண்ட் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, ஒவ்வொரு அடியாகப் போய் நீலப் பலகைகளுக்கு நடுவே நின்றாள்.

கார்வர் விழுந்து விழுந்து சிரித்தான். "பாவம் லிண்ட், இங்கேயே இப்படி வேர்க்குது. அங்க வெயில் இன்னும் ஜாஸ்தியாமே."

"எங்க?" என்றாள் ஹெட்டி.

"அதான், ஸ்பெயின்ல."

கொஞ்ச நேரத்தில் அவனும் சிவப்புப் பலகைகளுக்கு நடுவே முழங்காலில் கை வைத்துக் குனிந்து நின்றுகொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரு பந்தையும் தடுக்கவில்லை. ஆனால், "லிண்ட், இடது பக்கம் பாருங்க," என்று கார்வர் இந்தக் கோடியிலிருந்து கத்தியதை என் காதால் கேட்டேன்.

இடைவேளையில் கொவாலிக் அம்மாள் உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிக் கொழுக்கட்டைகளைத் தட்டு நிறையக் கொண்டுவந்தாள். அக்காவும் தங்கையும் எனக்கும் இரண்டு எடுத்துக்கொண்டு முனைக்கு வந்து, நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார்கள். ஹெட்டி எதுவும் கேட்கவில்லை. வெங்காயத்தை மட்டும் பொறுக்கி அக்காவின் தட்டில் போட்டாள்.

டாராதான் பேசினாள். "எனக்கே இன்னும் தெரியல, ஹெட்டி. சில நாள் போகணும்னு இருக்கு. சில நாள், ஸ்பெயின்ல போய் யாரைத் தெரியும் எனக்கு, அப்படின்னு இருக்கு."

ஹெட்டி மென்று விழுங்கினாள். "சொல்லிட்டே. கோல்ல போய் நில்லு."

டாரா அவளையே பார்த்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோலில் போய் நிற்கவும் செய்தாள். தங்கை அடித்த பந்து அவள் கைக்கு எட்டாமல் உள்ளே போயிற்று. எட்டவில்லையா, எட்டவிடவில்லையா என்று எனக்குத் தெரியாது.

இருட்டும் முன் டாரா கிளம்பினாள். என்னிடம் காரை நிறுத்தி, "அடுத்த ஞாயிறு பார்ப்போம், மிஸ்டர் டூடா," என்றாள். சரி என்று தலையாட்டினேன். சொல்வது எல்லோருக்கும் சுலபம்.

ஹெட்டி ஒவ்வொரு பலகையையும் துடைத்து அந்தந்த வீட்டில் திருப்பிக் கொடுத்தாள். மிசஸ் லிண்ட் தன்னுடையதைக் கராஜுக்குள் சாய்த்து வைத்தாள். கார்வரும் அப்படித்தான் செய்தான்.

"தொப்பி எப்ப சாப்பிடறீங்க?" என்றாள் ஹெட்டி.

"நீ இவங்கள நம்பறியா? நாளைக்குக் காலையில பாரு, அத்தனையும் திரும்ப முளைச்சிருக்கும்."

"முளைச்சா மறுபடியும் இரவல் கேப்பேன்," என்று சொல்லிவிட்டு, பந்தை உதைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

நான் என் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் வழியில் நடந்தேன். இந்தத் தெரு மனிதர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாள் பந்து ஆட்டத்தில் திருந்துகிற ஆட்கள் இல்லை. தொப்பியை இப்போதைக்குத் தலையிலேயே வைத்திருக்கிறேன்.