கடைசி ஐம்பது புள்ளி

ட்ர்ர்ரிங்...! ட்ர்ர்ரிங்...!

அஜந்தா அடுப்பில் கொதித்த சோற்றுப் பானையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

தன்னாமுனையில் சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டுத்திட்டம். அதில் அவளுடையது ஓரத்து வீடு. அந்த வீட்டில் போன் அடித்தால் அவள் நெஞ்சு ஒரு தரம் நின்றுதான் மறுபடி அடிக்கும்.

தம்பி காணாமல் போன வீட்டில் அப்படித்தான்!

"ஹலோ..."

"தங்கச்சி, நான் பதியுதீன். டவுன் கம்ப்யூட்டர் கேம் கடை பதியுதீன்."

"சொல்லுங்க நானா." அண்ணன் முறைக்கு அவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எப்பிடிச் சொல்ற எண்டு தெரியல்ல... உங்கட தம்பிட ஸ்கோர் ஏறிக்கிடக்கு!"

"என்ன?"

"நிதுட ஸ்கோர் தங்கச்சி! அவன்ட கணக்கில ஆரோ விளையாடிரிக்காங்க. பாஸ்வேர்ட் அவனுக்கு மட்டுந்தானே தெரியும்... கெதியா வாங்க!"

சோறு அடிப்பிடித்தது.

பிடிக்கட்டும்! இனி யாருக்குச் சோறு வேண்டும்?

பஸ்ஸில் ஏறியவளுக்கு உட்காரத் தோன்றவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நிதுர்ஷன். பதினெட்டு வயது. அம்மா அலையோடு போன பிறகு அவளுக்கு மிஞ்சிய ஒரே உறவு. ஒரு வருடத்துக்கு முன், பதியுதீன் கடையில் விளையாடிவிட்டு வந்து சந்தியில் இறங்கினான். கூட்டிப் போக வந்து நின்றாள் அஜந்தா.

அவளுக்கு முன் ஒரு வெள்ளை வான் வந்தது.

தம்பியைத் தூக்கியது!

வானுக்குள் இருந்தவனின் முகத்தை அவள் பார்த்தாள். பெயரும் தெரியும். அப்போது துவக்கோடு திரிந்தவன், யுத்தம் முடிந்த கையோடு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அரசியல் கூட்டத்துக்குக் கூட்டம் மாலை வாங்குகிறான்.

நாளைக்குக் கொழும்பிலிருந்து ஒரு விசாரணைக் குழு மட்டக்களப்புக்கு வருகிறது. காணாமல் போனவர்களின் வீட்டார் நேரில் வந்து சொல்லலாம். அஜந்தா போய் அந்தப் பெயரைச் சொல்வது என்று முடிவு கட்டியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து இந்தப் போன்!

*

பதியுதீன் காத்தான்குடிக்காரர். வாய் திறந்தால் மூடாத மனிதர். இன்று வாயே திறக்காமல் திரையைக் காட்டினார்.

நிதுர்ஷனின் பெயர். பக்கத்தில் அவன் வைத்த சிவப்புத் தொப்பிப் படம்.

புள்ளிகள்: ஆயிரத்துக்கு ஆயிரம்.

விளையாடிய நேரம்: எழுநூறு மணித்தியாலம்!

"அவன் கடைசியா இந்தக் கதிரையில இருந்து எழும்பக்க முந்நூறு மணித்தியாலமும் இல்ல தங்கச்சி. இவ்வளவு நாளும் கணக்கப் பூட்டி வச்சு, ஒளிச்சு விளையாடிரிக்கான். இண்டைக்கு விடியத்தான் திறந்து விட்டிரிக்கு. கீழ பாருங்க... உங்களுக்கு ஒரு செய்தி."

*அக்கா, நாளைக்குப் போய் வாய் திறக்காத. திறந்தா என்னை விடமாட்டாங்க.*

அஜந்தா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"இருக்கான் நானா! என்ட புள்ள இருக்கான்!"

"அல்ஹம்துலில்லாஹ்..." என்று பதியுதீனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அஜந்தா உடனே நல்லரத்தினத்துக்குப் போன் போட்டாள்.

நல்லரத்தினம் அவள் அப்பாவின் சிநேகிதர். அமிர்தகழியில் வீடு. காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவர். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாத அஜந்தாவுக்காகப் பொலிஸிலும் காம்ப் வாசலிலும் நின்று பேசியவர் அவர்தான். அந்த மாமா இல்லாவிட்டால் அவளுக்கு நாதியில்லை.

"பாத்தியா மகள்!" போனில் அவர் குரல் தழுதழுத்தது. "பொடியன் உயிரோடதான் எண்டு நான் சொன்னன்தானே? நாளைக்கு அங்கால தலை வச்சும் படுக்காத. வாய மூடிக்கொண்டு வீட்ட இரு. அவன் வந்து சேரட்டும்."

"ஓம் மாமா. நான் போகல்ல."

போனை வைத்தாள். மறுபடி ஆசையோடு திரையைப் பார்த்தாள்.

ஆயிரத்துக்கு ஆயிரம்...

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது.

"நானா... இவன் தொளாயிரத்தி அம்பதில நிண்டவன்தானே?"

"ஓம்! அதுதான் எனக்கும் புதினம். கடைசிக் கட்டம் ஒண்டு மட்டும் தொடவே மாட்டான். அம்பது புள்ளிக்கு என்னடா பஞ்சி எண்டு நானும் எத்தின பகிடி பண்ணிரிப்பன்! இப்ப அதையும் முடிச்சிரிக்கான்."

"முடிச்சது அவன் இல்ல."

"என்ன?"

"இது என்ட தம்பி இல்ல நானா!"

அந்த அலறலில் கடையில் இருந்த பொடியன்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தக் கட்டத்தில என்ன செய்யோணும்? சொல்லுங்க நானா!"

"கடல்... பெரிய அலை வரும். அதுக்குள்ள இறங்கி, நீந்திப் போய், ஒரு புள்ளைய..."

பதியுதீன் நிறுத்திவிட்டார்.

"சுனாமிக்குள்ள அம்மாட கையப் பிடிச்சுக்கொண்டு ஓடினவன் நானா அவன். கை நழுவிப் போச்சு. அண்டையில இருந்து கிணத்தடிக்கும் போகமாட்டான். வாளியில தண்ணி அள்ளிக் குடுத்தாத்தான் குளிப்பான். கல்லடிப் பாலத்தில சைக்கிள்ல ஏத்திப் போனா, பாலம் முடியுமட்டும் கண்ண மூடிக்கொண்டு இருப்பான். விளையாட்டில கூடவாடா இறங்கமாட்டாய் எண்டு கேட்டன். விளையாட்டிலயும் இறங்கமாட்டன் அக்கா எண்டான்."

"பாஸ்வேர்ட்...?"

"அவன்ட வாயால எடுத்திருக்கானுகள். அவன் உயிரோட இருந்தா அவனை வச்சே விளையாடுவிச்சிருப்பானுகள்தானே? வேற ஆள் ஏன் விளையாடோணும்?"

பதியுதீன் அந்தத் திரையை அணைத்தார்.

அஜந்தா கண்ணைத் துடைத்தாள். இனி அழுது என்ன? தம்பி உயிரோடு இருந்தால்தானே வாயை மூட வேண்டும்?

"நானா, நாளைக்கு நான் போறன். எல்லாத்தையும் சொல்லப்போறன்."

"நானும் வாறன் தங்கச்சி."

*

முதலில் மாமாவிடம் சொல்ல வேண்டும். ஓட்டோ பிடித்து அமிர்தகழிக்குப் போனாள்.

மனு அடிக்க ஒரு வெளிநாட்டு நிறுவனம் கொடுத்த கம்ப்யூட்டருக்கு முன்னால் நல்லரத்தினம் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் திரையை அணைத்துவிட்டு எழுந்தார்.

"வாகா மகள். இண்டைக்குச் சந்தோஷமான நாள்..."

"மாமா, நான் நாளைக்குப் போறன்."

"விசரா உனக்கு? தம்பிட உசிரு..."

"தம்பி இல்ல மாமா. போயிற்றான்."

"ஆர் சொன்ன?"

"கேம்தான் சொன்ன. விளையாடினவன் ஒரு பிழை விட்டுட்டான்."

"பிழையா?" நல்லரத்தினத்தின் முகம் சிவந்துவிட்டது. "என்ன பிழை? அந்த அலைக்குள்ள நீந்தி அந்தப் புள்ளைய இழுத்துக்கொண்டு வாறது எண்டா லேசுப்பட்ட வேலையா? ஒரு பிழையும் இல்லாம..."

சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

"அலை எண்டு நான் சொல்லவே இல்லியே மாமா..."

"நீங்களா...?"

கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாவகாசமாக!

"உன்ட வாய அடைக்கத்தான் அந்தக் கேமத் தொட்டன் மகள். பெரிய இடத்துச் சொல்லு... நான் என்ன செய்யிற? ஆனா மறுகா விட ஏலாமப் போச்சு! சோறு தண்ணி இல்லாம இருந்து விளையாடிருக்கன். தொளாயிரத்தி அம்பதில நிக்கிறதப் பாத்தா எனக்கு நித்திரையே வராது. அம்பது புள்ளி... வெறும் அம்பது புள்ளி! அதையும் எடுத்துப்போட்டு விடுவம் எண்டு நினைச்சன்."

"என்ட தம்பி எங்க?"

"பாஸ்வேர்டக் கேட்ட உடன தந்தான். அக்காக்கு ஒண்டும் செய்யாதீங்க மாமா எண்டு சொல்லித் தந்தான்."

"எங்கடா போட்டீங்க அவன?"

நல்லரத்தினம் ஜன்னலைப் பார்த்தார். வெளியே உச்சி வெயிலில் வாவி பளபளத்தது.

"தண்ணியில மட்டும் போடாதீங்க எண்டு கெஞ்சினான். ஏன் எண்டு எனக்கு அப்ப விளங்கல்ல."

அஜந்தா நிலத்தில் விழுந்தாள். வயிற்றில் அடித்துக்கொண்டு கத்தினாள். எங்கே போட்டாலும் அவன் செத்தவன்தான். ஆனாலும் தண்ணீரா? ஐயோ, அந்தப் பிள்ளைக்குத் தண்ணீரா?

"பாவி! மண்ணாப் போவாய்! நாளைக்கு உன்ட பேரையும் சேத்துச் சொல்றன்டா!"

நல்லரத்தினம் கதவைத் திறந்துவிட்டார். சிரித்தார்.

"தாராளமாச் சொல்லு மகள். ஒண்டையும் மறந்துடாத. நானும் அங்கதான் நிப்பன்."

*

மண்டபம் நிறைந்து வழிந்தது. கையில் படங்களோடு தாய்மார். மேடையில் நீள மேசை. கொழும்பிலிருந்து வந்த மூன்று பேர். ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

பதியுதீன் பின்வரிசையில் இருந்தார். "பயப்படாதீங்க தங்கச்சி" என்று கையைக் காட்டினார்.

அஜந்தாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். மேடையின் பக்கக் கதவு திறந்தது. சாப்பாட்டுக்குப் போயிருந்த மொழிபெயர்ப்பாளர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து தன் கதிரையில் உட்கார்ந்தார்.

நல்லரத்தினம்!

ஆனாலும் அஜந்தா பேசினாள். இதைவிட்டால் இனி எங்கே பேசுவது?

"என்ட தம்பியக் கடத்தினது இந்தா இருக்கிற இவன்ட ஆக்கள்! தம்பியக் கொண்டு வாவிக்குள்ள போட்டாங்க. நேத்து இவனே என்ட முகத்துக்கு நேர சொன்னான். இவனப் பிடிங்க ஐயா! இவன்தான்!"

விரலை நீட்டினாள். வான்காரனின் பெயரையும் உரத்துச் சொன்னாள். தமிழ் தெரிந்த அத்தனை சனத்துக்கும் விளங்கியது. அந்தப் பெயரைக் கேட்ட பிறகு எழும்ப ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

நல்லரத்தினம் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். மேசைப் பக்கம் திரும்பினார். மெல்லிய குரலில் சிங்களத்தில் சொன்னார். நடுவில் ஒரு தரம் நெஞ்சில் கை வைத்தார். கண்ணையும் துடைத்தார்.

மேசையில் இருந்த மூன்று பேரும் அஜந்தாவைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டினார்கள்.

ஒருவர் நல்லரத்தினத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்!

பின்வரிசையில் பதியுதீன் துள்ளி எழுந்தார். வியாபாரத்தில் பழகிய சிங்களத்தில் கத்தினார். நல்லரத்தினம் மேசைப் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். அவ்வளவுதான். இரண்டு பொலிஸ்காரர் பதியுதீனைத் தோளில் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

"அடுத்த ஆள்!"

அஜந்தா வெளியே ஓடி வந்தாள். பதியுதீன் படியில் குந்தியிருந்தார். சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது.

"நானா... என்ன சொன்னான் அவன்?"

"வேணாம் தங்கச்சி."

"சொல்லுங்க!"

"உங்கட தம்பி சுனாமியில போயிற்றானாம். அவன நினைச்சு நினைச்சு உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சாம். விரல நீட்டினீங்களே... இவர்தான் எனக்குத் தகப்பன் மாதிரி எண்டு நீங்க சொன்னதாம்."

"நீங்க எழும்பிச் சொன்னீங்கதானே?"

"எனக்கும் சுனாமியில மூளை குழம்பிட்டாம்."

"இவ்வளவு நாளும் அவன் எழுதின மனு..."

"ஒண்டும் அவன்ட வீட்ட விட்டு வெளிக்கிட்டிராது தங்கச்சி. அவங்கட்ட இப்ப இருக்கிறது அவன் சொன்னது மட்டுந்தான். எழுதிட்டாங்க. முடிஞ்சி."

அஜந்தா அழவில்லை. அழுவதற்கும் உள்ளே ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டுமே.

பொழுது பட்ட பிறகுதான், போக வேறு இடம் தெரியாமல் இரண்டு பேரும் கேம் கடைக்கு நடந்தார்கள். நிதுர்ஷன் வழக்கமாக இருக்கும் கதிரையில் அவள் உட்கார்ந்தாள். அவன் பெயரைக் கடைசியாக ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றாள். பதியுதீன் திரையைப் போட்டார்.

சிவப்புத் தொப்பிக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டு.

*நிதுர்ஷன் இப்போது விளையாடிக்கொண்டிருக்கிறார். புதிய கேம். புள்ளிகள்: பூச்சியம்.*

விசாரணை முடிந்து மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் போலிருக்கிறது!

புள்ளி போகப் போக ஏறும். அரசாங்கக் கணக்கில் சுனாமியோடு செத்துப் போனவனாயிற்றே... அவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்!