மடிக்கணினிக்குள் ஒரு காவலாளி

"இந்த லேப்டாப்புக்குள்ள ஒரு காவலாளியை உட்கார வெச்சிருக்கேன்" என்றாள் அம்மா.

"குட்டி ஆளா?"

"ஆள் இல்ல, ஒரு ஆப். வெளியில பாஸ்வேர்டே கேட்காத வைஃபை இருக்கும் பாரு, அது கதவில்லாத வீடு மாதிரி. யார் வேணும்னாலும் எட்டிப் பார்க்கலாம். இவர் நமக்குன்னு ஒரு தனி வழி போட்டுக் கூட்டிட்டுப் போவார். வழி கிடைக்கலேன்னா ஒரு ஈயைக்கூட உள்ளேயும் விட மாட்டார், வெளியேயும் விட மாட்டார்."

"எங்க ஸ்கூல் வாட்ச்மேன் மாதிரி தூங்கிட மாட்டாரே?"

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"அம்மா, இன்னொண்ணு கேட்கட்டுமா?"

"கேளுடி குண்டூசி."

"ம்... ஒண்ணுமில்லம்மா."

ஒல்லியாக இருப்பதாலும், எல்லாரையும் கேள்வியால் குத்திக்கொண்டே இருப்பதாலும் வந்த பெயர் அது. ஆனால் இந்த ஒரு கேள்வி மட்டும் ஒவ்வொரு முறையும் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும்.

மறுநாள் குண்டூசி கண் விழித்தபோது அம்மாவின் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. சரக்குக் கப்பலில் மின்சார வேலைகளைக் கவனிப்பவள் அம்மா. விடியும் முன்னே கிளம்பிவிடுவாள். எழுப்பினால் பிள்ளை அழுமே என்று எழுப்பவே மாட்டாள். அன்றிலிருந்து குண்டூசி தினமும் விடியற்காலையில் எழுந்து, அடுத்த அறையில், அவளுக்குத் துணையாக வீட்டில் தங்கியிருக்கும் சித்தி இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் மறுபடி படுப்பாள்.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது.

முந்தாநாள் சித்தியின் பட்டன் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'புயலில் மாட்டினோம். கரைக்கு வந்துவிட்டோம். புதன் நாலு முதல் நாலரை வரை லேப்டாப்பில் கூப்பிடுகிறேன். பிறகு கப்பல் கிளம்பிவிடும். மூன்று வாரம் பேச முடியாது.'

வந்த எண் அம்மாவுடையது இல்லை. யாருடையதோ. திரும்பக் கூப்பிட்டால் போகவில்லை.

'அம்மாவே ஏன் அனுப்பல? கையில அடிபட்டிருக்குமோ?' குண்டூசிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இன்று புதன். தெருவில் குழி தோண்டியவர்கள் நேற்றே இணைய வயரை வெட்டிவிட்டார்கள். அதனால் சித்தியும் அவளும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த நூலகத்துக்கு ஓடினார்கள். அங்கே வைஃபை எல்லாருக்கும் இலவசம்.

மணி நாலு. குண்டூசி நூலகத்தின் பெயரை அழுத்தினாள்.

'இணைந்தது. ஆனால் இணையம் இல்லை.'

மறுபடி அழுத்தினாள். அதே வரி.

"இன்னும் நல்லா அழுத்துடி" என்றாள் சித்தி.

"அது என்ன உங்க தையல் மிஷினா சித்தி, அழுத்தி மிதிக்க?"

"ஷ்ஷ்!" என்றபடி நூலகர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் குரலும் தாழ்ந்தது. "முதல்ல எங்க வரவேற்புப் பக்கம் வரும். அதுல 'சம்மதம்'னு அழுத்தணும். வரலையா?"

"வரலையே மேடம்."

"என் போன்ல கூப்பிட்டுப் பாரேன்."

குண்டூசி முடியாது என்று தலையாட்டினாள். அம்மா கூப்பிடப்போவது இந்த மடிக்கணினியில் இருக்கும் கணக்கை. அதன் பாஸ்வேர்ட் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அது எழுந்து வருவதற்குள் நாலு நிமிடம் போயிற்று. பக்கத்து பேக்கரியின் இலவச வைஃபையும் பட்டியலில் தெரிந்தது. அதை அழுத்தினாள். அதிலும் அதே வரி.

மணி நாலு பத்து. பேட்டரி பதினெட்டு சதவீதம்.

"கடவுளே, அங்க அவ காத்துக்கிட்டு இருப்பாளே. என்ன ஆச்சோ, ஏதாச்சோ" என்று சித்தி சேலைத் தலைப்பை முறுக்கினாள். அம்மா கட்டுப் போட்ட கையோடு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது போல ஒரு காட்சி குண்டூசியின் கண்முன் வந்து வந்து போனது.

"சித்தி, கொஞ்சம் பேசாம இருங்க. நான் யோசிக்கணும்."

நூலகத்தில் மற்ற எல்லாருக்கும் இணையம் வருகிறது. அப்படியென்றால் நூலகத்தின் மேல் தப்பில்லை. பேக்கரியிலும் வரவில்லை. வீட்டில் மட்டும் இத்தனை நாளும் வந்தது. வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்ட் உண்டு. இந்த இரண்டுக்கும் கிடையாது...

கதவில்லாத வீடு!

"காவலாளி!" என்று கத்திவிட்டாள். நாலு தலைகள் திரும்பின.

"எந்தக் காவலாளி? இங்க யாரும் இல்லையேம்மா" என்றார் நூலகர்.

"உள்ள இருக்கார் மேடம். 'முதல்ல என் வழியைக் காட்டு, அப்புறம்தான் யாரையும் விடுவேன்'னு அவர் நிக்கிறார். உங்க வைஃபை 'முதல்ல சம்மதம் சொல்லு, அப்புறம்தான் வழி விடுவேன்'னு நிக்குது. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டே நிக்கிறாங்க!"

"நானும் உங்க சித்தப்பாவும் சண்டை போட்ட மாதிரி" என்றாள் சித்தி.

காவலாளியை அணைத்தால் வரவேற்புப் பக்கம் வந்துவிடும். ஆனால் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. அம்மா வைத்துவிட்டுப் போன காவலாளி. அணைத்த நேரம் பார்த்து யாராவது எட்டிப் பார்த்தால்? அம்மாவின் படங்கள், கடிதங்கள் எல்லாம் இதற்குள்தானே இருக்கின்றன?

மணி நாலு பதினாறு.

திறந்திருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மூடினாள். பேக்கரியை விட்டுவிட்டு நூலகத்தின் பெயரை மறுபடி அழுத்தினாள். காவலாளியை நிறுத்தினாள்.

ஒரு நொடி. இரண்டு நொடி. நீல நிறத்தில் ஒரு பக்கம் மெல்ல விரிந்தது.

"மேடம், இது உங்க பக்கம்தானே?"

நூலகர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். "எங்களுதேதான். அழுத்து."

'சம்மதம்.' உடனே காவலாளியை மறுபடி இயக்கினாள். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். பச்சை விளக்கு எரிந்தது.

மணி நாலு இருபத்தொன்று.

மடிக்கணினி சத்தமாக ஒலித்தது. நூலகர் 'ஷ்ஷ்' சொல்ல மறந்துபோய், ஓரத்து அறையைக் காட்டினார். ஓடினார்கள்.

திரையில் அம்மா. தலை கலைந்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், அம்மா.

"கையைக் காட்டும்மா!"

"என்னடி?"

"ரெண்டு கையையும் காட்டு!"

அம்மா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். பத்து விரல்களும் இருந்தன. குண்டூசி எண்ணியே பார்த்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகல. போன்தான் கடல் தண்ணி குடிச்சு செத்துப்போச்சு. கூட வேலை பார்க்கிறவர் போன்ல இருந்துதான் உங்களுக்கு மெசேஜ் போட்டேன். இது துறைமுகத்துக் கம்ப்யூட்டர், ஆளுக்கு அரை மணி நேரம்தான். எவ்வளவு நேரமா கூப்பிடுறேன் தெரியுமா? ரொம்ப பயந்துட்டேன்."

"நீயும் பயந்தியா?"

"பின்ன?"

"உன் காவலாளி உன்னையே வெளியில நிறுத்திட்டாரும்மா" என்று குண்டூசி நடந்ததைச் சொன்னாள். அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நான் போட்ட பூட்டு! எனக்கே தோணலையே. மறுபடி இயக்கினியா?"

"உடனே."

அம்மா திரைக்கு இன்னும் பக்கத்தில் வந்து அவளைப் பார்த்தாள். பின்னாலிருந்து யாரோ நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டார்கள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. வேற ஏதாவது சொல்லணுமா குண்டூசி?"

"ஒண்ணு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். 'ஒண்ணுமில்ல' என்ற சொல் வழக்கம்போல நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"அடுத்த தடவை கிளம்பும்போது என்னை எழுப்பும்மா. அழுதாலும் பரவாயில்ல, எழுப்பு."