பதினேழாம் கல்லில் நாற்பது நிமிடம்

போன் அலறியது.

சர்வே ஆபீஸின் பின்னறை. நான்கு பக்கமும் வரைபடங்கள். மூன்று கம்ப்யூட்டர்கள். ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் பேருக்குத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

காட்டிலிருந்து வரும் அளவுகளைச் சரிபார்த்து வரைபடமாக்குவது அவளுடைய வேலை. ஆபீஸில் எல்லோருக்கும் அவள் 'டேட்டா மேடம்'.

போனை எடுத்தாள். கணவன்.

"என்னங்க... காலையிலேர்ந்து அளந்து முடிச்ச பாயிண்ட்டு ஒண்ணு கூட வரலையே? அண்ணன் என்ன, காட்டுல தூங்கிட்டானா?"

"மச்சான்... மச்சான் விழுந்துட்டார்!"

"என்னது?!"

"பாறை விளிம்புல ஸ்டாண்டை விரிக்கும்போது கால் வழுக்கிடுச்சு போல. நான் பார்க்கல! நான் உள்ளே, மரத்துக்கு நடுவுல, பதினேழாம் எல்லைக் கல்லுல நின்னுட்டிருந்தேன். அறுபது அடி பள்ளம்..."

"உயிர் இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க!"

மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

போன் அவள் கையிலிருந்து நழுவி மேஜையில் விழுந்தது.

அவளுடைய அண்ணன் சர்வேயர். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் மறுபடி அளக்கச் சொல்லி உயிரை எடுப்பான். அதனால் அவனுக்கு 'மில்லி' என்று பட்டப்பெயர். அவள் கணவனும் சர்வேயர். மில்லிதான் தன் தங்கைக்கு அவனைப் பார்த்துக் கட்டி வைத்தான். மச்சானும் மாப்பிள்ளையும் ஒன்றாகக் காட்டுக்குப் போனார்கள்.

ஒருவன்தான் திரும்பினான்.

*

பிணவறைக்கு வெளியே நீண்ட வராந்தா. பினாயில் நெடி மூக்கைத் துளைத்தது.

அம்மா பெஞ்சில் சுருண்டு கிடந்தாள். அழுது அழுது குரலே போய்விட்டது.

அவர்களைத் தாண்டி இரண்டு போலீஸ்காரர்கள் போனார்கள். நடுவில் அவள் கணவன்!

"எங்க கூட்டிட்டுப் போறீங்க?" பாய்ந்து போய் மறித்தாள்.

"விசாரணைக்கும்மா. வழியை விடுங்க."

"நான் ஒண்ணும் பண்ணல கண்ணு!" கணவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "உனக்குத் தெரியும்ல? நான் போய் மச்சானை...!"

ஜீப் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

அம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "பெத்த பிள்ளையைப் பறி கொடுத்துட்டேன்டி. மாப்பிள்ளையையாவது காப்பாத்து. உன் மக அப்பா எங்கேன்னு கேட்டா என்ன பதில் சொல்லுவே?"

அண்ணன் போயாயிற்று. புருஷனும் போய்விட்டால் வீட்டில் மிச்சம் யார்? ஒரு கிழவி, ஒரு குழந்தை, அவள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக ஆபீஸுக்குப் போனாள். காட்டில் இருவரும் அளக்க வைத்திருந்த இரண்டு சாட்டிலைட் ரிசீவர்களையும் போலீஸ் எடுத்துக்கொண்டு போயிருந்தது. ஆனால் அவை தாமாகவே எழுதும் மூலப் பதிவுகள் நொடிக்கு நொடி ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்திருந்தன.

கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

*

மறுநாள் காலை பதினோரு மணி. போலீஸ் ஸ்டேஷன்.

இன்ஸ்பெக்டருக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். எதிரே ஸ்டூலில் கணவன். ஒரே நாளில் ஆள் பாதியாகியிருந்தான்.

அவள் ஒரு பேப்பர் கட்டை மேஜையில் வைத்தாள்.

"என்னம்மா இது... கருணை மனுவா?"

"ஆதாரம் சார். இவர் கொலை பண்ணலைங்கறதுக்கு."

கணவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"அப்படியா?" இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சினார். "முதல்ல என் கதையைக் கேளுங்க. போன வருஷம் அந்தக் காட்டு எல்லையை அளந்தது யாரு?"

"இவர்தான்."

"மரத்தடியில ரிசீவரை வெச்சாரு. அது 'சரி'ன்னு காட்டுச்சு. இவர் நம்பி வந்துட்டாரு. உங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டாமே?"

"ஆமா சார். மரத்தடியில ஒரு தடவை 'சரி'ன்னு காட்டினா நம்பக் கூடாது. ஆஃப் பண்ணிட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு வந்து மறுபடி அளக்கணும். ரெண்டும் ஒத்துப் போனாத்தான் எடுத்துக்கணும்."

"இவர் மறுபடி அளந்தாரா?"

அவள் கணவனைப் பார்த்தாள்.

"அளக்கல! ஒன்பது மீட்டர் வரைக்கும் தப்பு இருக்கலாமாம். அந்தக் கோட்டை நம்பி குவாரிக்காரன் வெடி வெச்சான். பக்கத்து வீட்டுச் சுவர் சரிஞ்சு ஒரு அம்மா செத்துப் போச்சு. இத்தனை நாளா பழி குவாரிக்காரன் தலையில. போன வாரம் உங்கண்ணன் மேலிடத்துக்கு லெட்டர் போட்டிருக்கார், 'தப்பு எங்க அளவுல இருக்கலாம், நேர்ல போய்ப் பார்க்கறேன்'னு. பழைய கல்லையெல்லாம் காட்டறதுக்கு இவரும் கூடப் போனாரு. காலையில ரெண்டு பேருக்கும் வாக்குவாதம். ஜீப் டிரைவர் காதால கேட்டிருக்கான். அளவு உறுதியானா இவருக்கு லைசென்ஸ் போகும், ஜெயில் வரும். போதுமா, இன்னும் வேணுமா?"

"சண்டை போட்டேன் சார்!" கணவன் கத்தினான். "விட்டுடுங்க மச்சான்னு கெஞ்சினேன். அதுக்காகக் கொல்லுவேனா? அவர் எனக்குப் பொண்ணு குடுத்தவர் சார்!"

"பொண்ணு குடுத்தவனைக் கொன்னவன் ரெண்டு பேர் இந்த லாக்கப்பிலேயே இருந்திருக்கானுங்க."

"சார், ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க." அவள் குரல் உடையாமல் வந்தது. எப்படி வந்ததென்று அவளுக்கே ஆச்சரியம். "அண்ணன் கையிலிருந்த ரிசீவர் பதினொண்ணு அஞ்சுக்கு நின்னு போச்சு. விழுந்த நேரம் அதுதான். சரியா?"

"சரி."

"இவரோட ரிசீவர் பத்து அம்பதுலேர்ந்து பதினொண்ணரை வரைக்கும் ஓடியிருக்கு. செகண்டுக்கு ஒரு வரி. நாற்பது நிமிஷம், ரெண்டாயிரத்து நானூறு வரி. ரிசீவரே எழுதறது. யாரும் கை வைக்க முடியாது."

"சரி, அது என்ன சொல்லுது?"

"திறந்த வெளியில வெச்சா ரிசீவருக்கு இருபது, இருபத்தஞ்சு சாட்டிலைட் கிடைக்கும். அரை நிமிஷத்துல நகக்கண் அளவுக்கு இடத்தைச் சொல்லிடும். மரத்தடியில அப்படி இல்ல. இலையிலயும் கிளையிலயும் சிக்னல் பட்டுத் தெறிக்கும். இங்க இருக்கேன், இல்லல்ல அங்க இருக்கேன்னு உளறிட்டே இருக்கும்."

"நம்ம ஏட்டு மாதிரி."

வாசலில் நின்ற ஏட்டு காதில் விழாதவர் போல் வெளியே பார்த்தார்.

"பாறை விளிம்பு மொட்டை வெளி சார். ஒரு மரம் கிடையாது. இவர் ரிசீவரைப் பாருங்க. ஆறு சாட்டிலைட்... ஏழு... மறுபடி ஆறு. கடைசி வரைக்கும் இடம் நிலைக்கவே இல்ல. நாற்பது நிமிஷமும் அது அடர்ந்த மரத்துக்கு அடியிலதான் இருந்திருக்கு. பதினேழாம் கல்லுல!"

இன்ஸ்பெக்டர் தாள்களைப் புரட்டினார். தும்மினார். மறுபடி புரட்டினார்.

"விளிம்புக்கும் பதினேழாம் கல்லுக்கும் எவ்வளவு தூரம்?"

"நடந்தா நாலு நிமிஷம்."

"ம்... பதினொண்ணு அஞ்சுக்கு இது மரத்தடியில. ஆள் விழுந்தது விளிம்புல." நாற்காலியில் சாய்ந்தார். "வக்கீல் கிடைச்சா இதை வெச்சே என்னைச் சந்தி சிரிக்க வெச்சிடுவான்."

கணவனின் கண்களில் நீர் பொலபொலவென்று உதிர்ந்தது. "கண்ணு... நீ தெய்வம்!"

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"சார், இவர் சொல்றதை இப்பவே எழுதி வாங்கிக்குங்க. நாளைக்கு யாரும் அதை இதைச் சொல்லிக் குழப்பக் கூடாது."

"புத்திசாலிப் பொண்ணு," என்றார் இன்ஸ்பெக்டர். "ஏட்டய்யா, எழுதும்!"

கணவன் கடகடவென்று சொன்னான். சொல்லச் சொல்லக் குரலில் தெம்பு ஏறியது.

"பத்து அம்பதுக்குப் பதினேழாம் கல்லுக்குப் போனேன். பதினொண்ணரை வரைக்கும் அங்கேயேதான் இருந்தேன்."

"ரிசீவர் மாட்டின கம்பை நிறுத்தற ஸ்டாண்டு?" அவள் கேட்டாள். "எத்தனை எடுத்துட்டுப் போனீங்க?"

"ஒண்ணுதான். உனக்குத் தெரியாதா? ஆபீஸ்ல இருக்கறதே ஒண்ணுதானே!"

"அது யார்கிட்ட இருந்துச்சு?"

"மச்சான்கிட்ட. காலையிலேர்ந்து அவர் கையிலதான். விளிம்புலயே கிடந்துச்சே, போலீஸே எடுத்தாங்களே!"

"அப்ப உங்க கம்பு?"

"நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நாற்பது நிமிஷமும், இந்தக் கையால. தோள்பட்டை இன்னும் வலிக்குது. அதையும் எழுதிக்குங்க சார்!"

எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டான். தேதியும் போட்டான்.

ஏட்டு தாளை வாங்கி இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

அப்போதுதான் அவள் கட்டின் அடியிலிருந்து கடைசித் தாளை உருவினாள்.

"சார், ரிசீவர் இன்னொண்ணும் எழுதும். அதுக்குள்ள சாய்வு பார்க்கற கருவி இருக்கு. கம்பு நேரா நிக்குதா, எந்தப் பக்கம் சாயுதுன்னு செகண்டுக்கு செகண்டு குறிச்சு வெக்கும்."

"அதனால?"

"மனுஷன் பிடிச்சா கம்பு ஆடும் சார். மூச்சு விட்டா ஆடும், கை மாத்தினா ஆடும். எங்கண்ணன் மாதிரி ஆள் பிடிச்சாலே ஆடும். இது ஆடல. ரெண்டாயிரத்து நானூறு வரியில ஒரு வரி கூட ஆடல."

கணவனின் முகம் வெளிறியது.

"அ... அந்த ரிசீவர் தப்பாக் காட்டியிருக்கும்! மரத்தடியில உளறும்னு நீதானே சொன்னே!"

"அது சாட்டிலைட் கதைங்க. சாய்வு பார்க்கறதுக்கு வானமே வேண்டாம்."

"இல்ல... இல்ல, மறந்துட்டேன்! கம்பை மரத்துல சாய்ச்சு வெச்சேன்!"

"சாய்ச்சு வெச்சா சாய்வு காட்டும். இது நெட்டுக்குத்தலா நின்னிருக்கு. அப்படி நிக்கணும்னா ஸ்டாண்டு வேணும்." தாளை இன்ஸ்பெக்டர் பக்கம் நகர்த்தினாள். "இருக்கறது ஒரே ஸ்டாண்டு. அது உங்ககிட்டதான் இருந்திருக்கு. கம்பை அதுல நிறுத்திட்டு விளிம்புக்குப் போயிருக்கீங்க. அண்ணன் விழுந்தப்புறம் திரும்பி வந்து, பதினொண்ணரைக்கு மேல ஸ்டாண்டைக் கழட்டி எடுத்துட்டுப் போய் விளிம்புல போட்டிருக்கீங்க. ஸ்டாண்டை விரிக்கறப்ப அவன் வழுக்கி விழுந்த மாதிரி இருக்கும்ல?"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மெல்லக் கீழே வைத்தார்.

"இது உங்களுக்கு எப்பம்மா தெரியும்?"

"நேத்தே தெரியும் சார். இதை முதல்லயே காட்டியிருந்தா, 'ஆமா, ஸ்டாண்டு என்கிட்டதான் இருந்துச்சு, நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்'னு ஒரே வார்த்தையில தப்பிச்சிருப்பார். அதான் முதல்ல எழுதி வாங்கச் சொன்னேன்."

"பாவி!" கணவன் எழுந்தான். ஸ்டூல் உருண்டது. "என் பொண்ணை நினைச்சியா? அவளுக்கு அப்பா வேண்டாமா?"

அவளுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காப்பாற்றத்தான் அந்தப் பதிவைத் திறந்தாள். பாதி வரை அவன் நிரபராதி என்று நம்பிச் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம்தான் இப்போது அவளை அதிகம் சுட்டது.

"நினைச்சேன்," என்றாள். "அவ மாமா எங்கேன்னு கேட்பா. அப்ப நீங்க பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டுட்டிருப்பீங்க. அதை என்னால பார்க்க முடியாது."

கணவன் மேஜை மேலிருந்த வாக்குமூலத்தைப் பறிக்கப் பாய்ந்தான்.

இன்ஸ்பெக்டர் அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். ஏட்டு விலங்கை நீட்டினார். மாட்ட முடியவில்லை. கை அப்படி உதறிக்கொண்டிருந்தது!

இன்ஸ்பெக்டர் ஒரு தும்மலை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"நாற்பது நிமிஷம் இம்மி கூட ஆடாம கம்பைப் பிடிச்ச கை ஏட்டய்யா இது... ஒரு அரை நிமிஷம் ஆடாம இருக்கச் சொல்லும், மாட்டிடலாம்!"