அப்பாவின் அல்புமின்

முருங்கைக்கீரை போட்ட கோழி சூப்பைக் கொட்டியது ரெனாந்தேதான். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தன் தொப்பை திரும்ப இடமிருக்கும் என்று நம்பியதன் பலன். துணி தேடித் தாழ்வாரம்வரை போய்வந்து பார்த்தால், தரை காய்ந்து கிடந்தது. ஒரு முருங்கை இலை இல்லை. எண்ணெய்ப் பிசுக்குகூட இல்லை.

"யாருப்பா துடைச்சா?"

கட்டிலில் கிடந்த அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருடைய இதய வால்வு சுண்ணாம்பு படிந்து சுருங்கிவிட்டது. மாற்றாவிட்டால் இந்த மழைக்காலத்தைத் தாண்டமாட்டார். ஆனால் ரத்தத்தில் அல்புமின் என்கிற புரதம் ஏறினால்தான் கத்தியைத் தொடுவேன் என்றுவிட்டார் லாவாக் நகரத்து டாக்டர். சத்தில்லாத கிழ உடம்பில் அறுத்த இடம் ஆறாதாம். ரெனாந்தே லீவு போட்டுவிட்டு முட்டையும் மீனும் பாலுமாகக் கொண்டுவந்து குவித்தான். "நீ பார்த்துக்கிட்டிருந்தா எனக்கு இறங்காது" என்று அப்பா அவனை வெளியே அனுப்புவார். திரும்பி வந்தால் தட்டு பளபளக்கும். அல்புமின் மட்டும் ஒவ்வொரு சோதனையிலும் இறங்கியது.

"மானாங், எங்கப்பா சாப்பாட்டை யாரோ திங்கிறாங்க" என்றான், நர்ஸ் பெலிசாவிடம். மானாங் என்றால் அக்கா.

"உன் தொப்பையை விசாரிச்சியா தம்பி?"

அவனும் சிரித்தான். நியாயமான சந்தேகம்தான்.

அன்று சாயங்காலம் வெளியே போவதுபோல் கதவைச் சாத்திவிட்டு, உள்ளேயே திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நின்றான். தகரக் கூரையில் மழை இரைந்தது. மருந்து வாடைக்கு அடியில், நாள்பட்ட பூஜாடித் தண்ணீர்போல ஓர் இனிப்பு நாற்றம் மெல்ல எழுந்து திரைத்துணியையே நனைப்பதுபோல் பரவியது. பிறகு, மெல்லும் சத்தம். நிதானமாக. மீனை முள்ளோடு.

அப்பாவுக்குப் பல் கிடையாது.

திரையை இழுத்தான். அப்பா கழுத்துவரை போர்த்தியிருந்தார். வாய் இறுக மூடியிருந்தது. மடியில் தட்டு. காலி.

"அப்பா, நிஜத்தைச் சொல்லுங்க. யாரு?"

அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

"வந்த அன்னைக்கு, செத்தவங்களுக்குன்னு முதல் கவளத்தை ஜன்னல்ல வெச்சியே. பேர் சொல்லி உங்கம்மாவைக் கூப்பிட்டிருக்கணும். நீ என்ன சொன்னே?"

நர்ஸைச் சிரிக்கவைக்க அவன் சொன்னது. பசிக்கிறவங்க யாரா இருந்தாலும் வாங்க, எங்க வீட்டுல கை தாராளம்.

"விளையாட்டுக்குத்தானேப்பா..."

"வந்துடுச்சு."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா பயந்து தட்டை நிறுத்திடுவே. தட்டு பத்தாதப்போ அது என் மேல வாய் வைக்குதுடா."

அப்பா போர்வையை விலக்கினார். தொடையில் சதையே இல்லை. எலும்போடு ஒட்டிய தோல், ஓரிடத்தில் மட்டும், சின்னக் குழியாக உள்ளிழுபட்டது. விட்டது. மறுபடி இழுபட்டது.