பச்சைப் பொத்தான் வைத்த சட்டை

பீரோவின் அடித்தட்டைத் திறந்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. பழைய புடவைகளுக்கு அடியில் பதினோரு வருஷமாக இருந்த துணி முடிச்சைக் காணோம்!

"அத்தை... என் பீரோவை யாராவது திறந்தீங்களா?"

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமியாருக்குச் சுருக்கென்றது.

"ஆமா, உன் பீரோல புதையல் இருக்கு பாரு, நான் எடுத்து ஒளிச்சு வெச்சுக்க! இந்த வீட்டுல ஒரு குழந்தை இருந்தா அது கலைச்சிருக்கும்னு சொல்லலாம். அதுக்குத்தான் உனக்கு நேரமில்லையே... ஊர்ல இருக்கற கதாநாயகிக்கெல்லாம் குரல் குடுக்கவே பொழுது சரியா இருக்கு!"

அவள் கணவனைப் பார்த்தாள். ஊரே கொண்டாடும் நடிகன். அம்மா இப்படிக் குத்தும்போதெல்லாம் செய்வதைத்தான் இன்றும் செய்தான். டீயை ஊதிக் குடித்தான். ஆனால் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தது புதிது.

"இன்னைக்கு நம்ம படத்துக்குத்தானே உனக்கு டப்பிங்? ஆஸ்பத்திரி சீன்... பார்த்துட்டுக் கோவிச்சுக்காதே, என்ன?" என்று செருப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

பதினோரு மணிக்கு டப்பிங் அறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். திரையில் ஆஸ்பத்திரிக் கட்டில். படுத்திருந்த கதாநாயகியின் பக்கத்தில் நாடக நடிகன் வேஷத்தில் அவள் கணவன். கதாநாயகி மார்போடு அணைத்திருந்தது ஒரு குட்டிச் சட்டை... மஞ்சள் கம்பளிச் சட்டை. மூன்று பொத்தான் மஞ்சள், ஒன்று மட்டும் பச்சை. மஞ்சள் போதாமல் அவள் கையால் தைத்த அதே பச்சை! காணாமல்போன முடிச்சில் இருந்த சட்டை.

தாளில் வசனம் இருந்தது. "அழாதீங்க... முகம் வீங்கினா நாளைக்கு மேக்கப் நிக்காது. எனக்கும் சேர்த்து சிரிச்சுட்டு வாங்க."

பதினோரு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் அவனிடம் சொன்ன வார்த்தைகள், ஒரு எழுத்து மாறாமல். அவனுக்கு முதல் கதாநாயகன் வாய்ப்பு வந்திருந்த சமயம் அது. மாமியார் பெரிய பிள்ளை வீட்டில் இருந்தாள். வந்ததும் சொல்லி அசத்த வேண்டும் என்று வைத்திருந்த செய்தி நாலாம் மாதமே கலைந்துபோனது. இனி குழந்தைக்கு வாய்ப்பில்லை என்று டாக்டரும் கைவிரித்தார். "அம்மாவுக்குத் தெரிஞ்சா, பொண்டாட்டி கூட இருடான்னு படத்தையே விடச் சொல்லுவாங்க. படம் முடியட்டும், நானே சொல்றேன்..." என்று கெஞ்சினான். அந்தப் படம் முடிந்து, முப்பது படமும் முடிந்துவிட்டது. அவன் சொல்லவே இல்லை. ஏச்சும் பேச்சும் அவள் பங்குக்கு வந்தன.

"அக்கா, போலாமா?" என்றான் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த சவுண்ட் இன்ஜினியர்.

"இல்லப்பா... முடியாது." ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள்.

அவள் வீடு திரும்புவதற்குள் அவனுக்குத் தகவல் போயிருந்தது. வீட்டில் அவளுக்கு முன்னால் அவன் வந்து நின்றிருந்தான்.

"தப்புதான்! டைரக்டரோட பேசும்போது வாய் தவறி வந்துடுச்சு... ஆனா அந்த சீனைப் பார்த்து யூனிட்டே அழுதுச்சு தெரியுமா? உன் குரல் மட்டும் சேர்ந்துட்டா இந்த வருஷ விருது நமக்குத்தான்!"

"வாய் தவறி வந்துச்சு... சரி. சட்டையும் கை தவறியா போச்சு?"

"என்னடா சட்டை? என்னடா சீன்?" மாமியார் எழுந்து வந்தாள்.

"முதல்ல அந்த சீனை அத்தைகிட்ட சொல்லுங்க. அப்புறம் என் குரலைக் கேளுங்க."

பக்கம் பக்கமாக வசனத்தை மூச்சு விடாமல் பேசுகிறவன், "அம்மா... அது வந்து..." என்று நாலு தடவை ஆரம்பித்தான். ஐந்தாவது தடவைதான் வெளியே வந்தது.

"உனக்குப் பேரப்பிள்ளை வர இருந்துச்சும்மா... நாலாம் மாசமே போயிடுச்சு. இனிமே இல்லைன்னும் சொல்லிட்டாங்க. நான்தான் உன்கிட்ட மறைக்கச் சொன்னேன்..."

மாமியார் அவன் முன்னால் வந்து நின்றாள்.

"அப்போ... நான் தினம் தினம் இவளைக் குத்தினப்போ, நீ டீ குடிச்சுக்கிட்டு இருந்தியாடா?"

அவன் காலையில் பாதியில் வைத்துப்போன டீ டம்ளரைத் தள்ளி வைத்தான்.

"ஊரைக் கூட்டி அழவைக்கத் தெரிஞ்ச உனக்கு, பெத்தவகிட்ட சொல்ல வாய் வரலையா? போ! அந்தச் சட்டையை வாங்கிட்டு வா. அது என் பேரப்பிள்ளையோடது... உன் வேஷத்துக்கு இல்ல!"

வாசல்வரை போனவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். "அப்போ... நாளைக்கு டப்பிங்குக்கு?"

இதற்குமேல் இவனிடம் பேச என்ன இருக்கிறது! அவள் வாசலைக் காட்டினாள். அவன் போய்விட்டான்.

மாமியார் அவள் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். "இந்தப் பாழும் வாய் என்னவெல்லாம் பேசிடுச்சு... நீயாவது சொல்லக்கூடாதாம்மா?"

"சொன்னா... உங்க பிள்ளை உங்க கண்ணுல தாழ்ந்துடுவாரேன்னுதான் அத்தை..."

"அடிப் பாவி! அதுக்காக நீ தாங்கினியா?" என்று மாமியார் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

வாய்விட்டு அழுதால் மறுநாள் தொண்டை கட்டிக்கொள்ளும், மைக் முன்னால் நிற்க முடியாது என்று இத்தனை வருஷமும் தலையணையில் சத்தமில்லாமல் அழுதவள் அவள். குரல் போனால் போகட்டும்! மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.