மூடாத கதவு... ஏற்றாத உலை!

“ஐயோ... பாவி! என் தம்பிய வெஷம் வெச்சுக் கொன்னுட்டாளே!”

அந்த அலறலில் சிதம்பரம் கீழவீதியே வாசலில் கூடிவிட்டது.

1944. காலை காபி நேரம்.

சப்-இன்ஸ்பெக்டர் கனகசபேசன் உள்ளே நுழைந்தபோது, நூல்கடை சுப்புரத்தினம் ஒடிந்த காலில் கட்டோடு கட்டிலோரம் குப்புறக் கிடந்தார். உருண்ட டம்ளர். தரையெல்லாம் காபி. அதை நக்கிப் பார்த்த பூனையும் செத்துக் கிடந்தது!

அலறியவள் அக்கா சாரதாம்பாள். விதவை. தம்பி வீட்டோடு இருப்பவள். அவள் விரல் நீட்டிய மூலையில் தம்பியின் மனைவி மங்கலம் நின்றாள்.

“காபி போட்டது யாரும்மா?”

“நான்தாங்க...”

முடிந்தது கேஸ்!

கனகசபேசனுக்கு இவ்வளவு சுலபமான கொலை இதற்குமுன் வாய்த்ததே இல்லை. மங்கலத்தை லாக்கப்பில் தள்ளிவிட்டு, பிரேதத்தையும் டம்ளரையும் கடலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, சாப்பிடப் போய்விட்டார். நிரூபணமானால் தூக்கு. அவளுக்கு வயது இருபத்திரண்டு.

மறுநாள் கடலூரில் டாக்டர் ஞானசேகரன் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

“இது கொலையே இல்லய்யா.”

“என்ன டாக்டர்! பூனையே செத்திருக்கு!”

“பூனை குடிச்சுது. இவரு குடிக்கல. வயித்துல ஒரு சொட்டு காபி இல்ல.”

“அப்ப எப்படிச் செத்தாரு?”

“கால் ஒடிஞ்சு ஒரு மாசமா கட்டுப் போட்டுப் படுத்திருந்தாரில்ல? கெண்டைக்கால் குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாயிருக்கு. அந்த மாதிரிக் கட்டி கிளம்பினா வழக்கமா நுரையீரலுக்குத்தான் போகும். இவருக்கு மூளைக்குப் போயிருச்சு.”

“வழி தவறிப் போச்சா?”

“குறுக்கு வழி இருந்துச்சு! தாய் வயித்துல குழந்தை மூச்சு விடறதில்ல. அதனால ரத்தம் நுரையீரலச் சுத்தாம, இதயத்து நடுச்சுவர்ல ஒரு கதவு வழியா வலப்பக்கத்துலேருந்து இடப்பக்கம் தாண்டிரும். பொறந்து மூச்சு விட்டதும் கதவு சாத்திக்கும். போகப்போக ஒட்டிக்கும். நாலு பேருல ஒருத்தருக்கு ஒட்டறதே இல்ல.”

கனகசபேசன் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

“எனக்கு... டாக்டர்?”

“உம்மை அறுத்தாத்தான் தெரியும்.”

கனகசபேசன் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார்.

“பயப்படாதீர்! ஒட்டாட்டியும் சாத்தித்தான் இருக்கும். முக்காவாசிப் பேரு அது இருக்கறது தெரியாமலே கிழவனாகி சாவாங்க. ஆனா முக்கினா, இருமினா, ஒரு நொடி திறக்கும். அன்னிக்குத்தான் முதல்முதலா முக்கி எழுந்து உக்காந்தாருன்னு நீரே எழுதியிருக்கீர். அதே நேரம் பார்த்து கால்லேருந்து கட்டி வந்திருக்கு! ஒரு துண்டு கதவத் தாண்டி இடப்பக்கம் போயி, மூளைய அடைச்சிருச்சு. மிச்சம் கதவுல பாதி உள்ள, பாதி வெளிய மாட்டிக் கிடக்கு. வந்து பாரும்!”

“வேணாம் டாக்டர். நம்பறேன்.”

“ஆனா டம்ளர் அடியில அரைச்ச அரளி விதை இருந்துச்சு. அது நிஜம்.”

கனகசபேசன் தலையில் கை வைத்துக்கொண்டார். கொலை, கொலை முயற்சி ஆகிவிட்டது. தூக்குக்குப் பதில் பத்து வருஷம் ஜெயில். மங்கலத்துக்கு அது ஒரு லாபமா?

சிதம்பரம் லாக்கப்.

“நான் போட்டேன். ஆத்திக் குடுத்தது அவரோட அக்கா, எங்க அண்ணிங்க.”

“சாட்சி யாரு?”

“அவருதாங்க.”

செத்தவரைக் கூண்டில் ஏற்ற முடியாது.

“அன்னிக்குக் காலையில வேற என்ன நடந்துச்சு? யோசிச்சுச் சொல்லு.”

“ஒண்ணும் நடக்கலிங்க. உலை வெக்காதன்னாங்க அண்ணி. குடத்துல தண்ணி புடிக்காதன்னாங்க. முந்தின ராத்திரி பாலுக்கு உறைகூட ஊத்த விடல. என்னைப் பட்டினி போடத்தான் பாக்குறாங்கன்னு நெனச்சேன்...” மங்கலம் அழுதாள்.

கனகசபேசன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்!

சாவு விழுந்த வீட்டில் ஆக்கி வைத்த சோறு, பிடித்து வைத்த தண்ணீர், தோய்ந்த தயிர்... எல்லாவற்றையும் கொட்டியாக வேண்டும். போன மாதம் கனகசபேசனின் மாமியார் போனபோது வீட்டில் ஒரு பானைச் சோறு கொட்டினார்கள். மருமகன் அழுதது அதற்குத்தான்.

ஜீப்பெல்லாம் ஏது? கான்ஸ்டபிள் கோவிந்தசாமியோடு சைக்கிளில் பறந்தார்.

சாரதாம்பாள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா, தம்பி செத்த அன்னிக்கு எவ்வளவு சோறு கொட்டினீங்க?”

“கொட்டல.”

“ஏன்?”

“ஆக்கவே இல்லியே.”

“ஏன் ஆக்கல?”

“ரேஷன் அரிசி சார்! கொட்டறதுக்கா ஆக்குறது?”

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். கோவிந்தசாமி விலங்கை எடுத்தான்.

“எங்கப்பா கட்டின வீடு சார்!” சீறினாள். “அவனும் போய், அவளும் தூக்குல தொங்கினாத்தானே எனக்கு வரும்? நேத்து வந்தவளுக்கு விட்டுருவேனா?”

“கோவிந்தசாமி! ஸ்டேஷனுக்குப் போனதும் முதல் வேலையா அந்தப் பொண்ண வெளிய விடு.” கனகசபேசன் சாரதாம்பாள் பக்கம் திரும்பினார். “அம்மா, ஒரு சேதி. உங்க காபிய தம்பி வாயிலயே வெக்கல. அதுக்குள்ள அவரு பாட்டுக்குத் தானா செத்துட்டாரு.”

சாரதாம்பாள் முகத்தில் முதல் தடவையாக நிஜமான துக்கம் தெரிந்தது.

“தானாவா...?”

“ஆமாம்மா. அரிசிய மிச்சம் புடிச்சீங்க, சரி... இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா அரளி விதையும் மிச்சம்!”